வலது கன்னம்

வெள்ளகோவில்,
9.6.2024

அன்புள்ள மச்சானுக்கு வேல்குமார் எழுதுவது.

இங்கே நான், உங்கள் தங்கை சித்ரகலா, மகள் பூங்குழலி மூவரும் சௌக்கியம். அங்கே உங்கள் கை, கால், பேச்சு மூன்றும் எப்படி இருக்கின்றன என்று தனித்தனியாக எழுதவும். மொத்தமாகச் சேர்த்து ‘பரவாயில்லை’ என்று எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியது யாருக்கும் திருப்தியாக இல்லை. நீங்கள் ஒன்று சொன்னீர்கள், சித்ராவுக்கு வேறொன்று கேட்டது. ‘என்னங்கண்ணா, என்னங்கண்ணா’ என்று அவள் நாலு தரம் கேட்டதும் நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். அவள் போய்ப் பாத்திரம் விளக்க ஆரம்பித்தாள். விளக்கிக் கவிழ்த்து வைத்திருந்ததையே எடுத்து மறுபடி விளக்கினாள். மாசியில் பக்கவாதம் வந்து நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அவள் இப்படி இருக்கவில்லை.

அதனால் ஒரு யோசனை. கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் உங்களைத் தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருப்பதாகவும், நீங்கள் பேப்பரில் வரும் நூல் விலையைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பதாகவும் உங்கள் வீட்டம்மா ரங்காத்தாள் சொன்னாள். அந்தப் பக்கத்தை எனக்கு எழுதக் கூடாதா? தபாலாபீசில் முப்பத்தொரு வருடம் ஊராருடைய கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து முத்திரை குத்தினேன். எனக்கென்று வந்ததெல்லாம் இன்சூரன்ஸ் நோட்டீஸ்தான். ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து எனக்கு எழுதிய கடிதம் என்று ஒன்று கிடையாது.

கோணல்மாணலாக இருந்தால் இருக்கட்டும். எப்பேர்ப்பட்ட கையெழுத்தையும் படித்து வீடு சேர்த்தவன் நான்.

ரங்காத்தாளைக் கேட்டதாகச் சொல்லவும். மாத்திரை வேளை தவற வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளை,
வேல்குமார்

*

திருப்பூர்,
24.6.2024

மாப்பிள்ளைக்கு இளங்கோ எழுதுவது.

கை: பென்சில் நிற்கிறது. பேனா வழுக்குகிறது.
கால்: கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை.
பேச்சு: நீங்களே கேட்டீர்கள்.

முகத்தை நீங்கள் கேட்கவில்லை. வலது பக்கம் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. ரங்காத்தாள் காலையில் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்கு ஓடுமுன் பிளாஸ்டிக் ரேசரால் எனக்கு ஷேவ் செய்துவிட்டுப் போகிறாள். கழுத்தெல்லாம் பொரிபொரியாகத் தடித்து அரிக்கிறது.

இவ்வளவு எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. மீதி அப்புறம்.

சித்ராவிடம் பாத்திரத்தைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லவும்.

இளங்கோ

*

வெள்ளகோவில்,
2.7.2024

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. தபால்காரர் என்னிடம் வேலை பழகியவர். ‘சார், உங்களுக்குத்தானுங்க’ என்று இரண்டு முறை உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். ‘மீதி அப்புறம்’ என்ற வரியைச் சித்ரா வாய்விட்டுப் படித்தாள். அண்ணன் கோபமாக இல்லை என்று அதிலிருந்து கண்டுபிடித்தாளாம். எப்படியென்று எனக்குத் தெரியவில்லை.

கழுத்துப் பொரி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் அது இருந்தது. தோல் டாக்டரிடம் போனேன். மூன்று பிளேடு ஒன்றன்பின் ஒன்றாக வைத்த அந்த ரேசர், மயிரை இழுத்துத் தோலுக்குக் கீழேயே வெட்டிவிடுகிறதாம். அது வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுருண்டுகொள்கிறது. ‘பழைய மாதிரி ஒத்த பிளேடுக்கு மாறுங்க’ என்றார். நான் மாறி ஐந்து வருடமாகிறது. இப்போது என் கழுத்தைப் பார்த்தால் நீங்கள் பொறாமைப்படுவீர்கள்.

நீங்களும் ஒரு காலத்தில் பிளேடு மாட்டும் ரேசரில் ஷேவ் செய்தவர்தான். எக்ஸ்போர்ட் ஆர்டர், ஏழு மணி ஷிப்ட் என்று ஓட ஆரம்பித்த பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறினீர்கள். இருபது வருடம் இருக்குமா?

இதோடு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ரேசர், பிரஷ், வட்ட சோப்பு, ஒரு பாக்கெட் பிளேடு, படிகாரக் கல். ரேசரின் அடியைத் திருகினால் தலை இரட்டைக் கதவுபோல் திறந்துகொள்ளும். தனித்தனியாகக் கழற்ற வேண்டியதில்லை, உங்கள் கைக்குச் சுலபம். கனமாக இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். அந்தக் கனம்தான் வேலை செய்கிறது, நாம் அழுத்தவே கூடாது. கைப்பிடியைப் படுக்கைவசமாகப் பிடித்து மெல்லக் கீழே இறக்குங்கள். மயிர் வெட்டுப்படும் சத்தம் எப்போது கேட்கிறதோ அப்போது நிறுத்துங்கள். அதுதான் சாய்வு. மயிர் படிந்திருக்கிற போக்கிலேயே இழுங்கள், எதிர்த்துப் போக வேண்டாம். அறுபது அடுக்குத் துணியை ஒரு நூல் பிசகாமல் வெட்டிய கட்டிங் மாஸ்டருக்கு நான் இதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளவும்.

எப்படி இருக்கிறது என்று எழுதவும். நடை தெருமுனையைத் தாண்டியதா?

அன்புடன்,
வேல்குமார்

*

திருப்பூர்,
15.7.2024

மாப்பிள்ளைக்கு,

இங்கு சுகம். பார்சல் வந்தது. ரேசர் கனமாக, நன்றாக இருக்கிறது. தினமும் உபயோகிக்கிறேன். கழுத்து தேவலை. உங்களுக்கு ரொம்ப நன்றி.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இளங்கோ

*

திருப்பூர்,
21.7.2024

அன்புள்ள அண்ணாவுக்கு ரங்காத்தாள் எழுதுவது.

நீங்களும் அண்ணியும் கண்ணு பூங்குழலியும் சுகமாக இருக்க மருதமலையானை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் மச்சானுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். கம்பெனியில் மதிய சாப்பாட்டு நேரம்.

அண்ணா, அவர் பார்சலை வாங்கி அலமாரியில் மேல்தட்டில் வைத்ததோடு சரி. கயிறுகூட அவிழ்க்கவில்லை. உங்களுக்கு எழுதிய கடிதத்தை என்னிடம்தான் கொடுத்துப் போடச் சொன்னார். உறை ஒட்டவில்லை. படித்தேன். தப்புத்தான்.

ரேசர் பிடிக்காமல் இல்லை. அவருக்குக் கண்ணாடி பார்க்க மனசில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாளே வாஷ்பேசினுக்கு மேலே இருந்த கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டார். நான் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். சலூனுக்குக் கூட்டிப்போகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். அங்கே முன்னாலும் கண்ணாடி, பின்னாலும் கண்ணாடி. நான் ஷேவ் செய்யும்போதுகூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

போன வாரம் அவசரத்தில் வலது தாடையில் கீறிவிட்டேன். ரத்தம் கழுத்துவரை ஓடுகிறது, அவருக்குத் தெரியவே இல்லை. ‘முடிஞ்சுதா?’ என்று கேட்கிறார். ரத்தம் இளகுவதற்கு மாத்திரை போடுகிறார் அல்லவா, சீக்கிரம் நிற்காது. டாக்டரிடம் கேட்டேன். ஷேவ் செய்யலாம், பட்டால் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும், அவரே செய்யப் பழகினால் கைக்கும் முகத்துக்கும் ரொம்ப நல்லது என்றார்.

ஆவணி மாத விஷயத்தைப் பற்றி நீங்கள் சொன்னபடியே அவரிடம் நான் பேச்செடுக்கவில்லை.

நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ள வேண்டாம்.

தங்கை,
ரங்காத்தாள்

*

வெள்ளகோவில்,
26.7.2024

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே அனைவரும் நலம். ஆடிக் காற்று ஆளைத் தூக்குகிறது. மொட்டைமாடியில் காயப்போட்ட என் வேட்டி நாலு வீடு தள்ளிக் கிடைத்தது.

ரேசர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். போன கடிதத்தில் முக்கியமான ஒன்றை எழுத விட்டுப்போயிற்று. இந்த ரேசருக்குத் திரும்புகிறவர்கள் எடுத்த எடுப்பில் பிளேடு மாட்டக் கூடாது. முதலில் வெறும் பிரஷ் மட்டும்தான். பத்து நாளைக்கு. தேவைப்பட்டால் இன்னும் கூட. பிரஷை வெந்நீரில் ஊறவைத்து, சோப்பில் குழைத்து, முகம் முழுக்க வட்டம் வட்டமாகப் போட்டு, பிறகு கழுவிவிட வேண்டும். அவ்வளவுதான். தோல் பழக வேண்டும் அல்லவா?

நீங்கள் ஏற்கெனவே பிளேடு போட ஆரம்பித்திருந்தால் தயவுசெய்து நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். தாடி வளர்ந்தால் வளரட்டும். ரங்காத்தாளுக்கும் காலையில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

இதற்குக் கண்ணாடிகூடத் தேவையில்லை. நான் பல நாள் பாத்ரூமில் பல்பு எரியாதபோது தடவிப் பார்த்தே போட்டிருக்கிறேன்.

கோபம் இல்லையென்றால் பதில் போடவும். கோபம் என்றாலும் போடவும்.

அன்புடன்,
வேல்குமார்

*

திருப்பூர்,
22.9.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு இளங்கோ எழுதுவது.

இங்கே இருவரும் சுகம். இரண்டு மாதம் பதில் போடாததற்கு மன்னிக்கவும். இது பேனாவில் எழுதுவது, கவனித்திருப்பீர்கள்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். ஜூலையில் தினமும் ஷேவ் செய்கிறேன் என்று எழுதினேன். செய்யவில்லை. அது உங்களுக்கும் தெரியும். ‘பத்து நாளைக்கு வெறும் பிரஷ்’ என்று படித்தவுடனேயே ரங்காத்தாள் உங்களுக்கு எழுதியிருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. பிளேடில்லாமல் ஷேவ் செய்யச் சொன்ன ஆளை நான் கேள்விப்பட்டதில்லை. சிரிப்பு வந்தது. சிரித்தால் என் வாய் ஒரு பக்கம்தான் போகும், அதனால் ரொம்ப நாளாகச் சிரிக்காமல் இருந்தேன். அன்று வீட்டில் யாரும் இல்லை, சிரித்தேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு பார்சலை எடுத்துப் பிரித்தேன். முடிச்சை அவிழ்க்கவே கால் மணி நேரம்.

அன்றிலிருந்து தினம் காலையில் அவள் வேலைக்குப் போன பிறகு பிரஷ் போட்டேன். இடது பக்கம் இதமாக இருக்கும். வலது பக்கம், யாரோ அடுத்த வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. உதடு சரியாக மூடாததால் பாதி நுரை வாய்க்குள் போய்விடும். உங்கள் சோப்பின் ருசி எனக்கு நன்றாகத் தெரியும் இப்போது. பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று. தாடி வளர்ந்தது. நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் கைக்கு அது பிடித்துவிட்டது. வட்டம் வட்டமாக ஓட்டுவது, துணி மேல் சாக்பீஸ் ஓட்டுகிற மாதிரி.

ஆவணி பிறந்து ஐந்தாறு நாள் இருக்கும். பிரஷ் போட்டுக்கொண்டிருக்கிறேன், வலது காதுக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. இடது கையால் தட்டிவிட்டேன். மறுபடி ஊர்ந்தது. கையில் பார்த்தால் நுரைதான் இருக்கிறது, எறும்பு இல்லை. அப்புறம்தான் தெரிந்தது மாப்பிள்ளை, அது பிரஷ்.

அன்று முழுக்கச் சொல்லாமல் வைத்திருந்தேன். மறுநாளும் வருகிறதா பார்ப்போம் என்று. மறுநாள் காலை அவள் போகுமுன்பே பிரஷ் போட்டுப் பார்த்தேன், வந்தது. அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தபோது சொன்னேன். ‘நெசமாவா?’ என்றாள். பிரஷை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

‘கண்ணை மூடிக்கோங்க. எங்க தொடறேன்னு சொல்லோணும்.’

‘காது.’

‘இங்கீங்க?’

‘தாடை.’

‘இப்ப?’

நான் ரொம்ப நேரம் யோசித்தேன். ஒன்றும் தெரியவில்லை. பயமாகிவிட்டது. ‘தெரியலை’ என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ‘நான் தொடவே இல்லீங்க, கையை எடுத்துப்போட்டேன்!’

அன்று அவளுக்குக் கம்பெனி வண்டி போய்விட்டது. போனால் போகட்டும் என்று உட்கார்ந்து இன்னொரு காபி போட்டாள்.

அந்த வாரம்தான் கண்ணாடியை மாட்டச் சொன்னேன். கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து, தூசு துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பார்த்தேன். வலது கண்ணுக்குக் கீழே சதை தொங்குகிறது. வாய்க்கோடு இறங்கியிருக்கிறது. தாடி முக்கால்வாசி வெள்ளை. ஆறு மாதமாக நான் மனசுக்குள் வைத்திருந்த முகம் இதைவிட ரொம்ப மோசம் மாப்பிள்ளை. இது அப்படியில்லை. எனக்கு ஒரு அண்ணன் இருந்திருந்தால் இப்படி இருந்திருப்பான் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளேடு மாட்டியது போன ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு லீவு, அதனால் வாசலில் நின்றுகொண்டாள். முதலில் கத்தரியால் தாடியைக் குறைத்துவிட்டாள். நுரை போட்டு, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, வலது கையில் ரேசர். நீங்கள் எழுதிய சத்தம் கேட்டது. இருபது வருடத்துக்கு முன்னால் தினமும் கேட்ட சத்தம், ஆனால் அந்த வயதில் நான் அதைக் காதில் வாங்கியதே இல்லை. கை ஆடியது. ஆடும்போது எடுத்துவிடுவேன், நின்றதும் வைப்பேன். பிளேடை அலசி, பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்து, மறுபடி நுரை. முக்கால் மணி நேரம்.

கடைசியில் வலது தாடை திருப்பத்தில் வெட்டிக்கொண்டேன். ரங்காத்தாள் ஓடிவந்து துணியை வைத்து அழுத்தினாள், டாக்டர் சொன்னபடி. பத்து நிமிஷம் கழித்து ரத்தம் நின்றதும் படிகாரக் கல்லை வைத்தாள். சுரீர் என்றது.

‘எரியுது’ என்றேன். அந்த ‘ரி’ எனக்கு இன்னும் சரியாக வராது.

‘என்னுங்க?’

‘எரியுது ரங்கா! இந்தப் பக்கம், எரியுது!’

அவள் கல்லைக் கீழே போட்டுவிட்டாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முப்பது வருடத்தில் பட்டப்பகலில் அவள் அப்படிச் செய்ததில்லை. மேல்வீட்டு ஒடிசாக்காரப் பெண் தண்ணீர்க்குடத்தோடு வந்து, என்ன ஆயிற்று என்று இந்தியில் கேட்டுவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

கழுத்தில் பொரி குறைந்திருக்கிறது. இது உண்மை.

சித்ராவுக்கு என் ஆசி. பூங்குழலியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
இளங்கோ

*

வெள்ளகோவில்,
29.9.2024

அன்புள்ள மச்சானுக்கு,

ஆறு பக்கம்! எடை கூடி உறைக்குத் தபால்தலை போதாமல் போய்விட்டது. அபராதம் கட்டித்தான் வாங்கினேன். முப்பத்தொரு வருடம் பிறரிடம் வசூலித்தவன் முதன்முதலாகக் கட்டினேன், சந்தோஷமாக.

சித்ரா படித்து முடித்தாள். எழுந்துபோய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தாள். மணி இரண்டேகால், அப்போதுதான் சாப்பிட்டு எழுந்திருந்தேன். குடித்தேன். பூங்குழலி கடிதத்தை வாங்கிக்கொண்டு போனவள் இன்னும் திருப்பித் தரவில்லை.

பிளேடை ஐந்து தடவைக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். மழுங்கினால்தான் தோலை வெட்டும். வலது தாடை திருப்பத்தில் எனக்கும் அடிக்கடி வெட்டும், அதில் வருத்தம் வேண்டாம்.

இங்கே மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. எல்லாரும் சௌக்கியம்.

அன்புடன்,
வேல்குமார்

*

திருப்பூர்,
4.11.2024

மாப்பிள்ளைக்கு இளங்கோ எழுதுவது.

தீபாவளி நல்லபடியாக முடிந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் சரியில்லை.

நேற்று அவிநாசியிலிருந்து எங்கள் பங்காளி நல்லான் வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘பரவால்லீங்களே, மழமழன்னு இருக்கறீங்க’ என்றார். காபி குடித்தார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: ‘இனிப் பூங்குழலி புள்ள கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்லுங்க. உங்களுக்காகத்தானுங்களே ஆவணியில வெச்சதைத் தள்ளிப்போட்டாங்க.’

ரங்காத்தாளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

விசேஷம் ஒன்றுமில்லை என்று எழுதினீர்களே மாப்பிள்ளை. மண்டபம் பேசி வைத்த கல்யாணத்தை நிறுத்தியது விசேஷம் இல்லையா?

என் தப்பையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோது உங்களிடம் சொன்னேன், இந்த மூஞ்சியோடு நான் கல்யாணத்துக்கு வர மாட்டேன், நான் இல்லாமலே நடத்திக்கொள்ளுங்கள் என்று. ஆவணி மாதம் முழுக்கத் தபால்காரர் வந்தால் பத்திரிகையாக இருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை. நிம்மதியாக இருந்தது. ஏன் வரவில்லை என்று உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் கூப்பிடுவீர்கள் என்றுதான் கேட்கவில்லை. தங்கை மகள் கல்யாணம் என்ன ஆயிற்று என்று விசாரிக்காத தாய்மாமன் ஊரில் எங்காவது உண்டா?

நாள் பாருங்கள். தை மாதத்திலேயே வையுங்கள். நான் வருகிறேன். முன்வரிசையில் உட்காருகிறேன். போட்டோக்காரரிடம் இடது பக்கமாக நின்று எடு என்று யாரும் சொல்லக் கூடாது. அது ஒன்றுதான் என் நிபந்தனை.

சித்ராவிடம் நான் கோபமாக இல்லை என்று சொல்லவும்.

இளங்கோ

*

வெள்ளகோவில்,
11.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

எழுதாமல் விட்டது என் முடிவு. சித்ராவும் ரங்காத்தாளும் நான் சொன்னதால் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். திட்டுவதானால் என்னைத் திட்டவும்.

கல்யாணத்தைத் தள்ளியது நானில்லை, பூங்குழலி. நீங்கள் ஆஸ்பத்திரியில் சொன்னதை அவளிடம் சொன்னேன். ‘மாமன் நெத்தியில பட்டம் கட்டாம நான் மணவறைக்குப் போக மாட்டேனுங்கப்பா’ என்றாள். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று நான் பயந்தேன். அவளே சேவூருக்குப் போன் போட்டாள். மாப்பிள்ளைப் பையன் தமிழ்செல்வனின் அம்மா வேலாத்தாள் எடுத்திருக்கிறார். ‘மாமன் எந்திரிச்சு வரட்டும் கண்ணு, எங்களுக்கு என்ன அவசரம்’ என்றாராம். அவ்வளவுதான் பேச்சு. நாங்கள் மூவரும் இரண்டு நாள் தூங்காமல் யோசித்த விஷயம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

உங்களுக்கு எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் நீங்கள் எங்களுக்காகக் கண்ணாடி முன்னால் போய் நின்றிருப்பீர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு. அப்படி ஒரு முகத்தோடு உங்களைப் பார்க்க எனக்கு ஆசையில்லை. காத்திருக்கலாம் என்று நினைத்தேன். செப்டம்பர் கடிதம் வந்த பிறகு எழுத நாலு தரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தரமும் பிளேடைப் பற்றித்தான் எழுத வந்தது.

தை இருபத்தொன்று, திங்கட்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். உங்கள் நிபந்தனையைப் போட்டோக்காரரிடம் இன்றே சொல்லிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்புடன்,
வேல்குமார்

*

திருப்பூர்,
19.1.2025

மாப்பிள்ளைக்கு,

இருவரும் சுகம். கம்பெனியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். மெஷினைத் தொட வேண்டாம், மதியம் வரை வந்து பேட்டர்ன் சரிபார்த்தால் போதும் என்றார்கள். ஒரு வாரமாகப் போகிறேன்.

பட்டம் கட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன். ரங்காத்தாள் டிவி பார்க்கும்போது பின்னால் உட்கார்ந்து அவள் நெற்றியில் நாடாவைச் சுற்றி முடிச்சுப் போடுகிறேன். பத்து முடிச்சில் எட்டு நிற்கிறது. விளம்பர இடைவேளையில்தான் அவிழ்க்க விடுவாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஞாயிறு மதியமே மண்டபத்துக்கு வந்துவிடுவோம். ரேசர் கொண்டுவருகிறேன்.

நேரில் மற்றவை.

இளங்கோ

*

சேவூர்,
23.2.2025

அன்புள்ள இளங்கோ மாமாவுக்கும் ரங்கா அத்தைக்கும் பூங்குழலி எழுதுவது.

நானும் இவரும் இங்கே சுகம். மாமியார் உங்கள் இருவரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். இங்கே எல்லாரும் நல்லபடியாக இருக்கிறார்கள். என்ன, காபியில் சர்க்கரை தூக்கலாகப் போடுகிறார்கள். பழகிக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவும் நீங்களும் எழுதிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. போனில் தினம் பேசுகிறேன்தான். ஆனால் இதைப் போனில் சொல்ல முடியவில்லை.

பட்டம் கட்டும்போது நீங்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியாது மாமா. அம்மா மூன்று நிமிஷம் என்கிறார், இவர் பத்து நிமிஷம் என்கிறார். உங்கள் விரல் என் தலைக்குப் பின்னால் நகர்வது மட்டும் தெரிந்தது. யாரோ பெரியம்மா ‘நான் புடிச்சுக்கட்டுங்களா’ என்று கையை நீட்டியபோது, நீங்கள் ‘வேண்டாங்க’ என்றீர்கள். ஒரு எழுத்துகூடக் குழறவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது அதையல்ல. அன்று காலை ஆறு மணி இருக்கும். போட்டோக்காரர் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார், நான் பட்டுப்புடவையோடு மாடிக்கு வந்தேன். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. நீங்கள் இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

அப்பா முகம் முழுக்க நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் ரேசர். நுரை காய்ந்துபோய் வெடித்திருந்தது. கை அப்படி நடுங்கியது மாமா. என் அப்பாவின் கை நடுங்கி நான் பார்த்ததேயில்லை. ஊருக்கெல்லாம் முத்திரை குத்திய கை.

‘மூணு வாட்டி நுரை போட்டுட்டேனுங்க மச்சான், வைக்கவே முடியலை’ என்றார்.

நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டீர்கள். ‘உக்காருங்க மாப்ள.’ பிரஷை வெந்நீரில் நனைத்து, புதிதாக நுரை போட்டுவிட்டீர்கள். அப்பாவின் தாடையை இடது கையால் நிமிர்த்திப் பிடித்தீர்கள். உங்கள் வலது கை ஒரு தரம் ஆடியது. எடுத்துக்கொண்டீர்கள். நின்றதும் வைத்தீர்கள். சரக்கென்று அந்தச் சத்தம் வாசல் வரை கேட்டது.

கூப்பிட வந்தவள் கூப்பிடாமல் நின்றேன். கீழே மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள், என் பெயரைச் சொல்லி யாரோ தேடுகிறார்கள். எனக்கு நகர மனசில்லை.

இடது கன்னம் முடிந்து நீங்கள் வலது பக்கம் வந்தபோது அப்பா சொன்னார். அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொன்னார்.

‘புள்ளைய அனுப்பிப்போட்டு நாளைக்குக் காத்தால எந்திரிச்சு ஊட்டுல நான் என்னுங்க மச்சான் பண்ணுவேன்?’

‘பேசாதீங்க மாப்ள’ என்றீர்கள். ‘வாயை ஆட்டினா வெட்டிப்போடும்.’

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் கண்ணில் வந்தது நுரை மேல் கோடாக இறங்கியது. நீங்கள் ரேசரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, துண்டு நுனியால் அதையும், பக்கத்தில் ஒட்டியிருந்த நுரையையும் சேர்த்துத் துடைத்தீர்கள், இரண்டும் ஒன்றுதான் என்பது மாதிரி. அப்புறம் பிரஷை எடுத்து, துடைத்த இடத்தில் மட்டும் மறுபடி நுரை போட்டீர்கள்.

உங்கள் அன்புள்ள,
பூங்குழலி